திறந்த வண்டிக்கு ஏற்ற ஸ்பீக்கர்: எதைப் பார்த்து வாங்குவது?



கடையில் உட்கார்ந்து வாடிக்கையாளரை எதிர்பார்ப்பது ஒரு வியாபாரம். சரக்கை வண்டியில் ஏற்றிக்கொண்டு அவர் வாசலுக்கே போவது இன்னொரு வியாபாரம். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பகுதியில் இந்த இரண்டாவது வகைக்கு நெடுநாள் பழக்கம் உண்டு. காசிமேட்டிலிருந்து மீன்பாடி வண்டியில் மீன் கொண்டு போனவர்களுக்கு அன்று தொண்டைதான் ஒலிபெருக்கி. இன்று லோடு ஆட்டோவிலும் குட்டி யானையிலும் வெங்காயம், தேங்காய், உப்பு, அரிசி மூட்டை என்று எல்லாம் போகிறது. கூவுவதற்கு ஸ்பீக்கர் வந்துவிட்டது.

ஸ்பீக்கர் வாங்கப் போகும் உறுப்பினர்கள் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை வாட்ஸ் வாங்கலாம்?" இந்தக் கேள்வியே தவறான இடத்தில் தொடங்குகிறது என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

திருவொற்றியூரில் மளிகைக் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர் ஒருவரின் அனுபவத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். கடையில் மனைவி இருக்க, இவரும் மகனும் பிற்பகலில் குட்டி யானையில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் எண்ணெயும் ஏற்றிக்கொண்டு தெருக்களுக்குப் போவார்கள். முதலில் பழைய கார் ஸ்பீக்கர் இரண்டை வாங்கி, ஒரு பலகையில் திருகி, வண்டியின் பக்கவாட்டில் மாட்டினார். காருக்குள் கணீரென்று பாடிய ஸ்பீக்கர் தெருவில் முனகியது. உடனே அதைக் கழற்றி எறிந்துவிட்டு, பெரிய கூம்பு ஒன்றும் அதற்கு ஏற்ற ஆம்ப்ளிபயரும் வாங்கிக் குமிழை முழுவதும் திருகி வைத்தார். இப்போது மூன்று தெருவுக்குச் சத்தம் கேட்டது. வியாபாரம் கூடவில்லை. "அறுபது ரூபாய் என்று சொன்னீர்கள், இப்போது எழுபது என்கிறீர்களே" என்று வண்டியருகே தினமும் ஒரு சண்டை. குழந்தை தூங்குகிறது என்று ஒரு வீட்டில் சண்டை. போதாக்குறைக்கு, கூம்புக்குக் கீழே உட்கார்ந்து எடை போடும் மகன், இரவில் காதுக்குள் ரீங்காரம் கேட்கிறது என்று சொல்லத் தொடங்கினான்.

இரண்டு முறையும் பணம் செலவாயிற்று, இரண்டு முறையும் பயன் இல்லை. ஏன்?

கூரை இல்லாத வண்டியில் நடப்பது என்ன?

மேற்கூரையை மடக்கித் திறந்துகொள்ளும் கார்களைச் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். அந்தக் கார் வைத்திருப்பவர்களுக்கும் நம் உறுப்பினருக்கும் ஒரே கஷ்டம்தான். குளியலறையில் பாடினால் யார் குரலும் கனமாகக் கேட்கும். அதே பாட்டை மொட்டை மாடியில் பாடினால் மெலிந்துவிடும். மூடிய காரும் ஒரு சின்ன அறைதான். கண்ணாடியிலும் கூரையிலும் பட்டு ஒலி திரும்பி வரும். கனத்த ஒலி, அதாவது தவில், மிருதங்கத்தின் தொப்பி போன்றவற்றின் ஒலி, அந்தச் சின்ன இடத்துக்குள் கூடுதலாகவே கேட்கும். கூரையைத் திறந்தால் இந்தக் கூடுதல் ஓடிப்போகும். அதோடு காற்றின் இரைச்சலும் டயரின் இரைச்சலும் உள்ளே வரும். இந்த இரைச்சல் பெரும்பாலும் கனத்த ஒலியாகவே இருப்பதால் பாட்டில் உள்ள கனத்த ஒலியைத்தான் முதலில் விழுங்கும்.

கார் செய்பவர்கள் இதற்குக் கண்ட வழி என்ன? ஜப்பானின் மாஸ்டா கம்பெனி 1989-ல் கொண்டு வந்த எம்.எக்ஸ்.5 என்ற இரண்டு இருக்கைத் திறந்த காரில், இருக்கையின் தலைச் சாய்விலேயே ஸ்பீக்கர் வைத்த வகை உண்டு. சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகாமல், ஸ்பீக்கரைக் காதுக்கு அருகே கொண்டு போனார்கள். திறந்த வண்டிக்கு முதல் விதி இதுதான்: சத்தத்தைக் கூட்டுவதைவிடத் தூரத்தைக் குறைப்பது மேல்.

நமக்கு ஒரு வித்தியாசம் உண்டு. அந்தக் காரில் கேட்பவர் உள்ளே இருக்கிறார். நம் வண்டியில் கேட்பவர் வெளியே, வாசலிலோ மாடியிலோ இருக்கிறார். ஆனால் ஒலியைப் பிடித்து வைக்கச் சுவர் இல்லை என்பது இரண்டுக்கும் பொது.

நம் உறுப்பினரின் பழைய கார் ஸ்பீக்கர் முனகியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. காரில் ஸ்பீக்கர் கதவுக்குள் பதிந்திருக்கும். கதவே அதற்குப் பெட்டி. ஸ்பீக்கரின் கூம்புத் தாள் முன்னால் தள்ளும்போது பின்பக்கக் காற்றை இழுக்கும். பெட்டி இல்லாமல் வெறும் பலகையில் மாட்டினால் முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் சந்தித்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கனத்த ஒலி போய்விடும். புதுப்பேட்டையில் மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய கார் ஸ்பீக்கர் வாங்குகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். பெட்டிக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அது மலிவாக இராது.

வாட்ஸ் நெல், டெசிபல் அரிசி

வாட்ஸ் என்பது ஸ்பீக்கருக்குள் போகும் மின்சாரம். வெளியே வரும் ஒலியை டெசிபலில் அளப்பார்கள். ஒரு மூட்டை நெல்லை எல்லா ஆலையிலும் அரைத்தால் ஒரே அளவு அரிசி காணாது என்பது நமக்குத் தெரியும். அதேபோல ஒரே வாட்டுக்கு எல்லா ஸ்பீக்கரும் ஒரே அளவு ஒலி தராது. ஆகவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி, "ஒரு வாட் கொடுத்தால், ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல்?" என்பதே. நல்ல கம்பெனி ஸ்பீக்கரின் விவரத் தாளில் இது அச்சிட்டிருக்கும்.

சாதாரணக் கார் ஸ்பீக்கர் இந்தக் கணக்கில் 88 முதல் 90 டெசிபல் தரும். மைக் செட்டுக்கென்று செய்த நல்ல பெட்டி ஸ்பீக்கர் 94 டெசிபல் அளவில் தரும். கூம்பு 105 டெசிபலும் அதற்கு மேலும் தரும். இவை சிறிய வித்தியாசங்களாகத் தோன்றும். அப்படி அல்ல. மின்சாரத்தை இரண்டு மடங்காக்கினால் 3 டெசிபல்தான் கூடும். பத்து மடங்காக்கினால் 10 டெசிபல் கூடும். காதுக்குச் சத்தம் இரண்டு மடங்கு என்று தோன்றுவதற்கே இந்தப் பத்து டெசிபல் வேண்டும். 88-க்கும் 94-க்கும் உள்ள 6 டெசிபல் என்பது நான்கு மடங்கு மின்சாரம். 88-க்கும் 105-க்கும் உள்ள 17 டெசிபல் என்பது ஐம்பது மடங்கு மின்சாரம்! அதாவது கூம்பு ஒரு வாட்டில் செய்வதைச் செய்ய அந்தக் கார் ஸ்பீக்கருக்கு ஐம்பது வாட் வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. மலிவான பெட்டிகளின் மேல் 1000 வாட்ஸ், 2000 வாட்ஸ் என்று பெரிய எழுத்தில் போட்டு, ஓரத்தில் பி.எம்.பி.ஓ. என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அது கோணி, தூசி, கல் எல்லாம் சேர்த்துப் போட்ட எடை. புடைத்து எடுத்த நிகர எடையைத் தெரிந்துகொள்ள ஆர்.எம்.எஸ். வாட்ஸ் எவ்வளவு என்று கேளுங்கள். தராசு முள்ளைப் பார்த்தே வாழ்ந்த நாம் இந்த எடையில் ஏமாறலாகாது.

ஐம்பது அடிக் கணக்கு

நமக்கு எவ்வளவு தூரம் கேட்க வேண்டும்? இதைத்தான் பலரும் யோசிப்பதில்லை. வண்டி ஓர் இடத்திலேயே நிற்பதில்லை. தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நகர்கிறது. எதிரே உள்ள நாலைந்து வீடுகளுக்குக் கேட்டால் போதும். அது சுமார் ஐம்பது அடி. அடுத்த தெருவுக்கு அடுத்துப் போகத்தான் போகிறோம்.

திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும். டார்ச் விளக்கின் வெளிச்சம் தூரம் போகப் போகப் பரந்து மங்குவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். 94 டெசிபல் தரும் பெட்டி ஒன்றுக்கு ஒரே ஒரு வாட் கொடுப்போம். கணக்கு இப்படி வரும்:

3 அடியில் 94 டெசிபல்.
6 அடியில் 88.
13 அடியில் 82.
26 அடியில் 76.
52 அடியில் 70.
105 அடியில் 64.

பகலில் ஓரளவு அமைதியான குடியிருப்புத் தெருவில் இயல்பான இரைச்சல் 55 டெசிபல் அளவில் இருக்கும். ஒரு பேச்சு நன்றாகப் புரிய, சுற்றுப்புற இரைச்சலைவிட அது 10 முதல் 15 டெசிபல் கூடுதலாக இருந்தால் போதும். மேலே உள்ள கணக்கைப் பாருங்கள். ஐம்பது அடியில் 70 டெசிபல். ஒரு வாட்டிலேயே வேலை முடிந்துவிட்டது! இருபுறமும் சுவர் உள்ள சந்துகளில் ஒலி திரும்பி வருவதால் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே கேட்கும்.

கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டும் எண்ணூர் விரைவுச் சாலை ஓரத்திலும், திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலும் நிலைமை வேறு. அங்கே இரைச்சலே 70, 80 டெசிபலைத் தொடும். அந்த இரைச்சலோடு போட்டி போட ஸ்பீக்கரால் முடிந்தாலும் வியாபாரத்தால் முடியாது. ஓடும் லாரிக்கு நடுவே நின்று எந்த அம்மாளும் வெங்காயம் பொறுக்க மாட்டார். அங்கே ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு உள்தெருவுக்குள் திரும்பிய பிறகு போடுவதே சரி.

கடற்காற்றையும் கவனிக்க வேண்டும். பகல் ஏற ஏற நம் பகுதியில் கிழக்கிலிருந்து கடற்காற்று வீசும். காற்றை எதிர்த்துப் போகும் ஒலி மேல்நோக்கி வளைந்து தலைக்கு மேலே போய்விடும். ஐம்பது அடியில் இது பெரிதாகத் தெரியாது. நூறு, இருநூறு அடிக்கு ஆசைப்பட்டால் தெரியும். தூரத்துக்கு ஆசைப்படாமல் இருக்க இது இன்னொரு காரணம்.

விலை காதில் சரியாக விழ வேண்டும்

சத்தம் கேட்பது வேறு, சொல் புரிவது வேறு. "அறுவது" என்பதற்கும் "எழுவது" என்பதற்கும் உள்ள வித்தியாசம் முதல் இரண்டு எழுத்தில் முடிந்துவிடுகிறது. "இருவது", "அறுவது" என்றாலும் அப்படித்தான். இந்தச் சின்ன வித்தியாசங்களைக் காதுக்குக் கொண்டு போவது பெரும்பாலும் நடுத்தர, மெல்லிய ஒலிகள். கனத்த ஒலி பேச்சுக்குக் கம்பீரம் தரும், தெளிவு தராது. ஆகவே ஆம்ப்ளிபயரில் 'பாஸ்' குமிழைக் குறைத்தும் 'ட்ரெபிள்' குமிழை நடுவில் அல்லது சற்று மேலாகவும் வையுங்கள்.

குமிழை எல்லைக்குத் திருகினால் ஒலி உடைந்து கரகரக்கும். அந்தக் கரகரப்பில் முதலில் சாவது சொல்லின் தெளிவுதான். நம் உறுப்பினரின் அறுபது எழுபது சண்டைக்கு இதுவே காரணம். மேலும் அப்படி உடைந்த ஒலி ஸ்பீக்கரின் சுருளையும் சூடாக்கி எரித்துவிடும். ரிப்பேருக்கு வரும் ஸ்பீக்கர்கள் பல இப்படிப் போனவையே.

குரல் பதிவிலும் கவனம் வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, அமைதியான அறையில், மைக்குக்கு நான்கு விரற்கடை தள்ளி வாயை வைத்து நிதானமாகப் பேசிப் பென் டிரைவில் பதிந்துகொள்ளுங்கள். சரக்கின் பெயரை முதலில் சொல்லி, சற்று நிறுத்தி, விலையை இரண்டு முறை சொல்லுங்கள். "நூறு ரூபாய்க்கு இத்தனை கிலோ" என்று கூவுவது நம் தெரு வியாபாரிகளின் பழைய வழக்கம். அது வெறும் கவர்ச்சி அல்ல. நூறு என்ற சொல்லை வேறு எண்ணாக யாரும் தவறிக் கேட்பதில்லை. விலைப் பலகை ஒன்றையும் வண்டியில் மாட்டிவிட்டால் சண்டைக்கு இடமே இராது.

இசையைப் பின்னணியில் ஓட விட வேண்டாம். பாட்டு வாடிக்கையாளரை அழைக்கும் என்று நினைக்கிறோம். அது விலையைத்தான் மறைக்கிறது.

கூம்பா, பெட்டியா?

மின்சாரக் கணக்கில் கூம்புதான் சிக்கனம் என்பதை மேலே பார்த்தோம். ஆனால் நமக்கு வேண்டியது ஐம்பது அடி. அதற்குப் பெட்டியே ஒரு வாட்டில் போதும் என்றும் பார்த்தோம். கூம்பு, மைதானத்துக்கும் கூட்டத்துக்கும் செய்த கருவி. பத்தடி அகலத் தெருவில் அதைத் திறப்பது, கால் கிலோ நிறுக்க லாரித் தராசைக் கொண்டு வருவதற்குச் சமம்.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள் 2000-ல் வந்தன. அவற்றின்படி ஒலிபெருக்கி வைக்க எழுத்து மூலமான அனுமதி வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் வைக்கக் கூடாது. பகலில் பகுதிக்குப் பகுதி ஓர் அளவு உண்டு: தொழிற்சாலைப் பகுதி 75 டெசிபல், வணிகப் பகுதி 65, குடியிருப்பு 55, அமைதிப் பகுதி 50. பொது இடத்தில் ஒலிபெருக்கி வைக்கும்போது அந்த இடத்தின் எல்லையில் ஒலி இந்த அளவைவிட 10 டெசிபலுக்கு மேலோ, 75 டெசிபலுக்கு மேலோ போகக் கூடாது. இரண்டில் எது குறைவோ அதுதான் கணக்கு. அதாவது குடியிருப்புத் தெருவில் 65.

இப்போது நம் ஐம்பது அடிக் கணக்கை மறுபடி பாருங்கள். ஒரு வாட் பெட்டி 52 அடியில் 70 டெசிபல். குடியிருப்புத் தெருவுக்கு ஒரு வாட்டே கூடுதல்! கால் வாட்டுக்குக் குறைத்தால் 64-க்கு வரும். அப்போதும் காதில் விழும். வீடுகள் இன்னும் நெருங்கிய சந்தில் அதையும் குறைக்க வேண்டும். நூறு வாட்ஸ் கூம்பைப் பற்றி நாம் சொல்லவே வேண்டியதில்லை.

மருத்துவமனை, கல்வி நிறுவனம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் வரை உள்ள இடத்தை அமைதிப் பகுதியாக மாநில அரசு அறிவிக்கலாம். ராயபுரம் பக்கம் போகும் வண்டிகள் ஸ்டான்லி மருத்துவமனையையும், ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையையும் நெருங்கும்போது ஸ்பீக்கரை அடியோடு நிறுத்திவிட வேண்டும். சட்டத்துக்காக மட்டும் அல்ல. உள்ளே படுத்திருப்பவர் நாளை நம் வாடிக்கையாளர்.

2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒலி மாசு வழக்கில் தந்த தீர்ப்பு, அளவு மீறும் ஒலிபெருக்கியையும் ஆம்ப்ளிபயரையும் பறிமுதல் செய்ய மாநிலங்கள் வழி செய்ய வேண்டும் என்று கூறியது. நம் மாநிலத்தில் திருவிழாக்களுக்கு அனுமதி தரும்போது கூம்பு வடிவம் கூடாது, பெட்டி வடிவம் மட்டும் என்று போலீசார் நிபந்தனை போடுவதையும் நாம் பார்த்திருக்கிறோம். ஆகவே முதலில் உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் மனுக் கொடுத்து என்ன நிபந்தனை என்று தெரிந்துகொள்ளுங்கள். கருவி வாங்குவது அதற்குப் பிறகு. கருவியை வாங்கிவிட்டு அனுமதி தேடுவது, தொட்டிலை வாங்கிவிட்டுப் பெண் பார்க்கப் போவதுபோல.

பொருத்தும் முறை

திசை: குறுகிய தெருவில் ஒரு பெட்டி போதும். அதை முன்னோக்கி வையுங்கள். வண்டி வருவதற்கு முன்பே கேட்டால்தான் பையை எடுத்துக்கொண்டு இறங்கி வர நேரம் கிடைக்கும். கடந்துவிட்ட வீட்டுக்குக் கேட்டு என்ன பயன்? அகலத் தெருவில் இரண்டு பெட்டிகளை இடமும் வலமுமாகத் திருப்பி வைக்கலாம்.

உயரம்: ஓட்டுநர் அறையின் கூரைக்கு மேலே, சரக்கு மூட்டைகள் மறைக்காத உயரத்தில் இருக்கட்டும். மாடி வீடுகள் மிகுந்த தெருவானால் சற்றே மேல்நோக்கிச் சாய்க்கலாம். கூரைத் தகட்டுக்கும் பெட்டிக்கும் இடையே ரப்பர் வைத்து இறுக்கினால் தகடு அதிராது.

உப்புக் காற்று: நம் பகுதியில் இரும்பு எதுவும் நெடுநாள் தங்காது. காகிதத் தாள் ஸ்பீக்கர் ஈரத்தில் ஊறும். ஸ்பாஞ்சு விளிம்பு பொடிப் பொடியாக உதிரும். பிளாஸ்டிக் தாளும் ரப்பர் விளிம்பும் உள்ளதையே கேட்டு வாங்குங்கள். பெட்டியும் பிளாஸ்டிக்காக இருந்தால் நல்லது. ஒயர் முனைகளில் சிறிது வாசலின் தடவி வைத்தால் பச்சை பிடிக்காது.

ஓம்ஸ்: ஆம்ப்ளிபயரின் பின்புறம் 4, 8, 16 என்று போட்டிருக்கும். ஸ்பீக்கரிலும் அந்த எண் இருக்கும். 8 ஓம்ஸ் பெட்டி இரண்டை இணையாகச் சேர்த்தால் அது 4 ஓம்ஸ் ஆகிவிடும். 4-ஐத் தாங்காத ஆம்ப்ளிபயர் சூடேறி எரியும். 70 வோல்ட், 100 வோல்ட் என்று எழுதிய முனைகளில் சாதாரண ஸ்பீக்கரை நேரடியாக மாட்டாதீர்கள். அவை நீண்ட ஒயர் இழுக்கும் இடங்களுக்கானவை.

பேட்டரி: 40 வாட்ஸ் ஆம்ப்ளிபயரை முழுச் சத்தத்தில் ஓட்டினால் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து சுமார் 5 ஆம்பியர் இழுக்கும். இன்ஜினை நிறுத்திவிட்டு மணிக்கணக்கில் ஓட்டினால் மாலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. நாம் சொன்ன அளவில் ஓட்டினால் இந்தத் தொல்லை வராது. பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு அருகிலேயே பியூஸ் போட வேண்டும். பேட்டரியில் ஓடும் வண்டி வைத்திருப்பவர்கள் கவனிக்க: நான்கு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்தால் அந்த ஒன்று சீக்கிரம் கெட்டு, மற்ற மூன்றையும் கெடுக்கும். 48 வோல்ட்டை 12 ஆக மாற்றும் கன்வர்ட்டர் போட்டுக்கொள்ளுங்கள்.

காது திரும்ப வாங்க முடியாத சரக்கு

எல்லாவற்றையும்விட முக்கியமானதைக் கடைசியாகச் சொல்கிறோம். 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம் என்று தொழிலாளர் நலம் ஆராய்ந்தவர்கள் கணக்குச் சொல்கிறார்கள். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 88-ல் 4 மணி, 91-ல் 2 மணி, 94-ல் ஒரு மணி. 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். பத்து வாட் கொடுத்த கூம்புக்கு எதிரே மூன்றடியில் 115 டெசிபல் இருக்கும். அங்கே கணக்கு விநாடிகளில் போகிறது.

கூம்பின் கீழே நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பவர் யார்? நம் பிள்ளைதான், அல்லது நம்மை நம்பி வேலைக்கு வந்த பையன். சத்தத்தால் போன காது மருந்தால் திரும்பாது. முதலில் போவதும் அந்த மெல்லிய ஒலிகளைக் கேட்கும் திறமைதான். வாடிக்கையாளர் "அறுபதா, எழுபதா?" என்று கேட்பது அவனுக்கே புரியாமல் போகும். இரவில் காதில் ரீங்காரம் கேட்டால் அது எச்சரிக்கை. காது மருத்துவரிடம் காட்டத் தாமதிக்க வேண்டாம். எடை போடுகிறவர் ஸ்பீக்கரின் முன்பக்கம் உட்காரவே கூடாது. வண்டி நின்று வியாபாரம் நடக்கும்போது ஸ்பீக்கர் ஓட வேண்டிய தேவையும் இல்லை.

கடையில் சோதிக்கும் முறை

ரிச்சி தெருவிலோ வேறு எங்கோ வாங்கப் போகும்போது உங்கள் குரல் பதிவைப் பென் டிரைவில் எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரர் போடும் சினிமாப் பாட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். அடைத்த கடைக்குள் எந்த ஸ்பீக்கரும் நன்றாகத்தான் பாடும். ஸ்பீக்கரை வாசலில் வைக்கச் சொல்லி, தெருவில் இருபது எட்டு நடந்து நில்லுங்கள். அது ஏறக்குறைய ஐம்பது அடி. விலை தெரியாத ஒருவரைக் கூட்டிச் சென்று, திரும்பி நிற்க வைத்து, காதில் விழும் விலைகளைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். 20, 60, 70 எல்லாம் கலந்து பத்து விலைகள் பதிவில் இருக்கட்டும். குறைந்த சத்தத்தில் பத்தும் சரியாக எழுதினால் அதுவே உங்கள் ஸ்பீக்கர். செல்போனில் உள்ள டெசிபல் செயலி தோராயமான அளவு காட்டும். சட்டத்துக்கு அது செல்லாது என்றாலும் நம் எச்சரிக்கைக்குப் போதும்.

குமிழ் சரியான இடத்துக்கு வந்ததும் அங்கே பெயின்ட்டால் ஒரு புள்ளி வையுங்கள். வண்டி ஓட்டுபவர் யாராக இருந்தாலும் அந்தப் புள்ளியைத் தாண்டக் கூடாது.

நம் உறுப்பினர் இப்படித்தான் செய்தார். கூம்பைக் கொடுத்துவிட்டு ஒரே ஒரு சிறிய பெட்டியும் சிறிய ஆம்ப்ளிபயரும் வாங்கினார். கூம்புக்குக் கொடுத்த பணத்தைவிடக் குறைவாகத்தான் ஆயிற்று. பச்சைப் புள்ளிக்குமேல் குமிழ் போவதில்லை. வண்டி ஐந்தாறு வீட்டுக்கு ஒருமுறை நிற்கிறது. நின்றதும் ஸ்பீக்கரும் நிற்கிறது. மகனைக் காது மருத்துவரிடம் காட்டி, இப்போது எதிர்ப்பக்கம் உட்கார வைத்திருக்கிறார். முன்பு விலைக்குச் சண்டை போட்ட மூன்றாவது மாடி அம்மாள் இப்போது இறங்கி வருவதுகூட இல்லை. விலையை மேலிருந்தே கேட்டுக்கொண்டு, கயிற்றில் கூடையைக் கட்டி, பணத்தை அதில் போட்டு இறக்குகிறார்.

உறுப்பினர்கள் இந்தப் பாடத்தைத் தங்கள் வண்டி ஓட்டுபவருக்கும் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம்.